இரண்டு கேள்விக்கும் ஒரே தலையாட்டல்

உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டதற்கு அர்த்தநாரி தலையாட்டினார். உப்பே இல்லையா என்று கேட்டதற்கும் அதே மாதிரி, அதே அளவு, மேலும் கீழுமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வாயை எடுத்துப் போட்டுக்கொண்டார். பாவாயி கரண்டியைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றாள். அரிசிம்பருப்புச் சோற்றில் அவள் வேண்டுமென்றேதான் உப்புப் போடாமல் விட்டிருந்தாள். கட்டிக்கொண்ட மனிதனுக்குப் பரீட்சை வைப்பது நல்ல காரியம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்று வாரமாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்ததை வேறு எப்படித்தான் தெரிந்துகொள்வது. நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு கல் உப்புக் குறைந்தாலும் தட்டை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிற ஆள். இன்றைக்குத் தட்டு நகரவில்லை. சப்பென்ற சோற்றை ஒரு வார்த்தை பேசாமல் தின்றுகொண்டிருந்தார். அப்படியானால் அவள் சந்தேகப்பட்டது சரிதான், அவள் பேசுவதில் ஒரு சொல்லும் இவருக்கு விளங்கவில்லை, விளங்காததைச் சொல்லாமல் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் முந்தாநாள் ஆட்டியதும். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், இப்போது சோற்றை நினைப்போம். உப்பு டப்பாவை எடுத்துப் போய் அவர் தட்டோரம் ஒரு சிட்டிகை வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அதற்கும் தலையாட்டினார்.

அன்றைக்குப் பள்ளிபாளையத்தில் கரண்ட் இல்லை. மாதத்தில் ஒரு நாள் கம்பி பார்க்கிறோம், கிளை வெட்டுகிறோம் என்று காலையில் நிறுத்தினால் மத்தியானத்துக்கு மேல்தான் விடுவார்கள். அந்த ஒரு நாள் மட்டும் தெருவில் ஒரு தறியும் ஓடாது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கும், யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவது கேட்கும், தெரியாத ஊரில் இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். இன்றைக்கு அவளுக்குக் கேட்டது அவளுடைய பல். அவருக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரு வாய் போட்டதுமே டக், டக் என்று மண்டைக்குள் ஆரம்பித்துவிட்டது. மேலே நாலு கீழே நாலு என்று எட்டுத் திருகாணியைத் தாடையெலும்பில் முடுக்கி, அது எலும்போடு பிடிக்க ஐந்து மாதம் காத்திருந்து, அதன்மேல் வரிசைப் பல்லைப் பூட்டியிருக்கிறார்கள். சோறு பல்லில் படுவது தெரியவில்லை, பல்லும் பல்லும் மோதுவது மட்டும் எலும்பு வழியாகக் காதுக்குப் போகிறது. சொந்தப் பல் ஒரு மணல் பட்டாலும் சொல்லும். இது ஒன்றும் சொல்லாது, கன்னத்தைக் கடித்தால்கூட கன்னம்தான் சொல்ல வேண்டும். நாக்கு மட்டும் ஓயாமல் மேலண்ணத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறது. பன்னிரண்டு வருடம் அந்த இடத்தைக் கழற்றி மாட்டுகிற பல்செட்டின் தகடு மூடியிருந்தது, இப்போது வெறுமனே இருக்கிறது. சூடு தெரிகிறது, புளிப்புத் தெரிகிறது, உப்பில்லாதது நன்றாகவே தெரிகிறது. அவளுக்கே அந்தச் சோறு இறங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கை தானாக வாய்க்குப் போனது, செட்டைக் கழற்றிக் குழாயில் அலசுவதற்கு. மேல்பல்லைப் பிடித்து இழுத்தபோது பல்லோடு தலையும் சேர்ந்து முன்னால் வந்தது. தினமும் இதே கூத்து. பிடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது, இது வராது, இனி சுடுகாட்டுக்கும் இது கூடவே வரும். அந்தச் செட்டு மட்டும் என்ன ஒழுங்காகவா இருந்தது. ஈரோடு போகிற டவுன் பஸ்ஸில் ஒரு தும்மல் போட்டதற்கு மேல்செட்டு பறந்து முன்சீட்டுக்காரர் தோளில் பட்டு மடியில் விழுந்தது. அந்த மனிதர் அதை இரண்டு விரலால் எடுத்து, திரும்பி, ஏதோ பஸ் டிக்கெட்டைக் கொடுக்கிற மாதிரி மரியாதையாகக் கொடுத்தார். பாவாயி வெட்கத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அர்த்தநாரி கூடவே இறங்கி, சாலையோரத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மகள் கோகிலாவுக்கு அது தெரிந்து, அவள் சிரிக்கவில்லை, கோயமுத்தூரிலிருந்து வந்து அம்மாவை ஈரோட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். நல்ல பெண்தான். நல்ல டாக்டர்தான். பல்லும் நல்ல பல்தான், முறுக்குக்கூடக் கடிக்கலாம் என்கிறார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாதபடி எல்லாம் நல்லதாகவே நடந்து, கடைசியில் எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதருக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு நின்றுபோயிற்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி, தோள் துண்டின் முனையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் எப்போது பார்த்தாலும் இதே வேலை, அவள் வாயைத் திறந்தால் போதும், கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லையோ. இருக்கலாம். அவளுக்கே கண்ணாடி முன்னால் நிற்கும்போது யாரோ ஒரு பெரிய இடத்துப் பொம்பளை வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது, மேலுதடு தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, அறுபத்து மூன்று வயது முகத்தில் இருபது வயதுப் பல். அதனால்தான் பேசும்போது சேலைத் தலைப்பு வாய்க்குப் போய்விடுகிறது. தலைப்பு இல்லாவிட்டால் கை. சொந்தப் பல் இருந்த காலத்தில் அவள் வாயை மூடியதே இல்லை. மூடினால் பிழைக்க முடியாது, அவள் வேலை செய்தது அப்படிப்பட்ட இடம். பதினேழு வயதில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனபோது அந்தப் பட்டறையில் அறுபது தறி. உள்ளே நுழைந்தால் காது பட்டென்று அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அங்கே யாரும் கத்தமாட்டார்கள். வாயை முழுசாகத் திறந்து, உதட்டை நன்றாக நீட்டி மடக்கி, குரலை விடாமல் பேசுவார்கள், பத்துத் தறிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவன் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு அதே மாதிரி பதில் சொல்வான். வேலைக்குச் சேர்ந்த வாரம் மூத்தவள் ஒருத்தி அவள் தாடையைப் பிடித்து ஆட்டி, வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தாள். "கொரல விடாத அம்முணி. கொரல் வந்துட்டா வாய் சோம்பேறியாப் போயிரும்."

அர்த்தநாரி அங்கே எதிர்வரிசையில் நாலு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். சிவப்பாக, ஒல்லியாக, யார் என்ன சொன்னாலும் ஒரு மறுப்புச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுகிற ஆள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுத்துவிட்டு அவள் நிமிர்ந்த ஒரு நேரத்தில், எதிர்வரிசையிலிருந்து அவர் வாயைத் திறந்து, என்னைக் கட்டிக்கறயா என்று கேட்டார். அவள் மட்டும்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக் கேட்டுவிட்டார் பாவம். பட்டறையில் உதடு பார்க்கத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள். முன்வரிசை, பின்வரிசை, நூல் மூட்டை சுமக்க வந்தவர், கணக்குப்பிள்ளை உட்பட எல்லோரும் படித்துவிட்டார்கள். அறுபது தறி ஓடிக்கொண்டிருக்க இருபது பேர் சத்தமே இல்லாமல் சிரித்ததை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. நாடாவில் உறிஞ்சியே முன்பல் தேய்ந்தது என்று அம்மா திட்டுவாள், சர்க்கரை வந்து ஈறு கெட்டுத்தான் போயிற்று என்று டாக்டர் சொன்னார். எதனால் போனால் என்ன, அந்தப் பல் இருந்த வாயைப் பார்த்துத்தான் அவர் கேட்டார், அந்த வாயால்தான் அவள் சரி என்று சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாக ஆடி விழுந்தபோது அவர் அந்த ஓட்டை வாயையும் படிக்கப் பழகிக்கொண்டார். செட்டு மாட்டியபோது நாலு நாள் தடுமாறினார், ஐந்தாம் நாள் பழையபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டார். ஆனால் அப்போது அவருக்குக் காது கொஞ்சம் இருந்தது. பாதியைக் காதும் பாதியைக் கண்ணுமாகச் சமாளித்திருப்பார். இப்போது இடி இடித்தால் தெரியும், வேறொன்றும் தெரியாது. கோகிலா வாங்கிக் கொடுத்த காது மெஷினைப் போட்டால் தலைக்குள் விசில் அடிக்கிறதென்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

இதில் பாவாயி சும்மா இருந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. பல் பூட்டிய அன்றைக்கே டாக்டர் சொல்லிவிட்டார், முதலில் ச-வெல்லாம் சீறும், கூச்சப்படாமல் சத்தமாகப் பேசிப் பழகுங்கள் என்று. அவளுக்குப் பேப்பர் படிக்க வராது. அதனால் ஊர்ப் பேரைச் சொல்லிப் பழகினாள். காலையில் பாத்திரம் விளக்கும்போது சங்ககிரி, சேலம், சித்தோடு, சென்னிமலை, சூரம்பட்டி, சோழசிராமணி. மறுபடி சங்ககிரி. முதல் வாரம் சேலம் என்பது சட்டியில் தாளித்த மாதிரி வந்தது. இரண்டாவது வாரம் சேலம் சேலமாகவே வந்துவிட்டது. கோகிலா போனில், "அம்மா, சுத்தமா வந்துருச்சும்மா, செட்டு இருந்தப்பக்கூட இப்படி வல்ல" என்றாள். மளிகைக் கடைக்காரர் சொன்னார். எதிர்வீட்டுக்காரி சொன்னாள். எல்லோரும் சொன்னார்கள், தலைப்பு மறைவிலிருந்து அவ்வளவு தெளிவாகக் குரல் வருகிறதாம். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் காலையில் அவருக்குப் பின்னால் நின்று சென்னிமலை என்று சொல்லிப் பார்த்தபோது அவர் திரும்பவில்லை, முன்னால் போய் நின்று சொன்னபோது கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தலையாட்டினார். யாருக்குப் பேசிக் காட்ட வேண்டுமோ அவரைத் தவிர ஊருக்கெல்லாம் பேசிக் காட்டியாகிவிட்டது. இன்னும் சத்தமாகப் பழக வேண்டுமோ. இன்னும் எவ்வளவு சத்தமாக.

முந்தாநாள். சரி, நினைத்துத்தான் ஆகவேண்டும், எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. கோகிலா ஒரு மாதமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறாள், ரெண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், கீழ்வீடு காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அப்பாவைக் கேட்டு வையுங்கள். முந்தாநாள் சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பாவாயி பக்கத்தில் போய், கத்தினால் தெருவுக்குக் கேட்டுவிடும் என்று தணிந்த குரலில், தலைப்பை வாயோரம் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க, கோகிலா ஊட்டோடயே போயிரலாமுங்களா?" தெருவுக்குக் கேட்டால் முதலில் செல்வராணிக்குக் கேட்கும். பின்பக்கப் பட்டறையில் இருக்கிற அவர்களுடைய நாலு தறியைச் செல்வராணிதான் பத்து வருடமாக ஓட்டுகிறாள், இவர்கள் போய்விட்டால் அவள் என்ன செய்வாள் என்பது வேறு ஒரு பாடு. அர்த்தநாரி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். தலையாட்டினார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கவில்லை, கல்யாணத் தேதிக்குக்கூட இரண்டு மறுப்புச் சொன்ன மனிதர், வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு மறுப்பும் இல்லாமல் சரி என்றுவிட்டார். ஒருவேளை அவருக்கும் அலுத்துவிட்டதோ, வயது எழுபது, மகளோடு போய் இருக்கலாம் என்று இவ்வளவு நாளும் மனதுக்குள் வைத்திருந்தாரோ, அவளிடம் சொல்லவில்லையோ. அல்லது ஒன்றுமே புரியாமல் ஆட்டினாரோ. இரண்டு நாளாக இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடித்தான் அவள் இன்றைக்கு உப்பில்லாமல் பொங்கினாள். பொங்கித் தெரிந்துகொண்டாயிற்று. தெரிந்துகொண்டது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள், இப்போது அதைவிடப் பயமாக இருந்தது.

பயம் கோயமுத்தூரைப் பற்றியில்லை. போனாலும் சரி, இருந்தாலும் சரி, அதைப்பற்றி அவளுக்கே ஒரு முடிவு இல்லை. மகள் வீட்டில் மாடிப்படி ஏற வேண்டாம், ஆஸ்பத்திரி பக்கம், நல்லதுதானே. இங்கே இருந்தால் இந்த ஊர், இந்தத் தண்ணீர், அதுவும் நல்லதுதான். அவர் எதைச் சொன்னாலும் அவள் அதற்கு ஒத்துக்கொள்ளுவாள், அல்லது சண்டை போட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுவாள். ஆனால் அவர் சொல்ல வேண்டும். இந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மழை வருகிறதா, ஆமாம். மழை வரவில்லையா, ஆமாம். நெஞ்சு வலிக்கிறதா என்று ஒரு நாள் கேட்கவேண்டி வரும், அதற்கும் ஆட்டுவார், வலிக்கவில்லையா, அதற்கும் ஆட்டுவார். இன்னும் பத்து வருடமோ பதினைந்து வருடமோ, இவள் பேச, அவர் ஆட்ட, வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஒருத்தி மட்டும் சங்ககிரி சேலம் என்று சொல்லிக்கொண்டு. அவரிடம் பேசாமல் அவள் யாரோடு பேசுவாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவர் மடியிலிருந்து ஒரு பிடி நிலக்கடலையை எடுத்து, அவள் பக்கமாகத் தரையில் வைத்தார். தோல் நீக்கி, பருப்பை இரண்டாக உடைத்து வைத்திருந்தார். செட்டு இருந்த காலத்தில் அவளுக்கு முழுப்பருப்புக் கடிக்க வராது, அப்போதிலிருந்து உடைத்துத்தான் தருவார். இனி உடைக்க வேண்டாம், முழுசாகவே கடிப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள், தலைப்பு வாய்க்குப் போயிற்று, அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவளுக்கு அழுகை வந்தது. பருப்பை வாயில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

மூன்றரை மணிக்குத் தெருக்கோடியில் ஒரு தறி லொடக்கென்றது. அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ண முடியாது, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்துகொண்டது. கட்டிலில் படுத்திருந்த அர்த்தநாரி காலைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கரண்ட் வந்தது அவருக்கு எப்போதும் தரை அதிர்வதில், காலில்தான் தெரியும். பின்வாசலில் செல்வராணி வந்து நின்று, தறியில் பாவு நூல் அறுந்துவிட்டது, கொஞ்சம் பின்னால் உட்கார வாங்க என்று கையாலேயே காட்டினாள். கரண்ட் போய் வந்தால் இப்படித்தான், நின்ற தறி ஓட ஆரம்பிக்கும்போது இழை அறுந்துகொள்ளும், ஒரு ஆள் பின்னாலிருந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தால்தான் முன்னால் நிற்பவள் அச்சின் சீப்புப் பல்லில் கோத்து இழுக்க முடியும். பாவாயி பட்டறைக்குள் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. பல் பூட்டுகிறவரை தூசி ஆகாது என்று டாக்டர் தடுத்தார், பூட்டிய பிறகு அவளாகவே போகவில்லை. பல்லைப் பார்த்துச் செல்வராணி ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு கூச்சம். இப்போது கூச்சப்பட நேரமில்லாமல் மூன்றாவது தறிக்குப் பின்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வலது கையில் ஒரு கொத்து இழை, இடது கையில் ஒரு கொத்து இழை என்று பிரித்துப் பிடித்துக்கொண்டாள். மற்ற மூன்று தறியும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. காது பட்டென்று அடைத்தது. மண்டைக்குள் இருந்த டக் டக் நின்றுபோய்விட்டது, அல்லது அதுவும் தறியோடு சேர்ந்துகொண்டது.

முன்பக்கம் நின்ற செல்வராணி குனிந்து, இழைகளுக்கு நடுவில் அவள் முகத்தைப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்து, குரல் இல்லாமல் கேட்டாள். மாமா சாப்பிட்டாச்சுங்களா அக்கா. பாவாயி பதில் சொல்ல வாயெடுத்தாள், தலைப்பைத் தேடிக் கை அசைந்தது, அசைந்தால் இழை போய்விடும். இரண்டு கையும் நூலில் மாட்டியிருக்க, மறைக்க ஒன்றும் இல்லாமல், இந்தச் சத்தத்தில் குரலை விட்டும் பயனில்லாமல், அவள் பழைய வழக்கத்தில் வாயை முழுசாகத் திறந்துவிட்டாள். உதடு நீண்டது, மடிந்தது, பல் பதினான்கும் பதினான்கும் வெளியே வந்து நின்றன. சாப்புட்டாரு, சாப்புட்டாரு. உப்பே போடாம ஆக்கி வெச்சன். உப்புச் சரியான்னு கேட்டா ஆட்டறாரு, உப்பு இல்லியான்னு கேட்டா அதுக்கும் ஆட்டறாரு, பூம்பூம் மாட்டக் கட்டீட்டு மாரடிக்கறேன் செல்வராணி. மூன்று வாரமாக நாக்கில் அடைத்துக் கிடந்ததெல்லாம் வந்தது. செல்வராணி தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தி, பாவாயியைத் தாண்டிப் பக்கத்து வாசலைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாவாயி கழுத்தை மட்டும் திருப்பினாள். பட்டறை வாசலில், பக்கவாட்டில், அவள் முகம் நன்றாகத் தெரிகிற இடத்தில் அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஈரோட்டுச் சாலையோரத்தில் சிரித்த மாதிரி, கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். இவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார். பூம்பூம் மாடு. பூம்பூம் மாடு என்று அவள் சொன்னதைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எதிர்வரிசையிலிருந்து பேசியது போலவே, குரலை விடாமல், வாயைத் திறந்து நிதானமாகப் பேசினார். உப்பே இல்ல. வாயில வைக்க முடியல. நீ பல்லு நோவுல மறந்திருப்பீன்னு தின்னன். அவர் இன்னும் ஒன்று சொன்னார். சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். காதுதான் போச்சு, இப்பக் கண்ணும் போயிருச்சோன்னு இருந்தேன் புள்ள. தெனமும் தொடச்சுத் தொடச்சுப் பாக்கறன், உன்ற வாய் மட்டும் தெரிய மாட்டீங்குது.

அப்படியா. அப்படியா சங்கதி. அவளைப் பார்க்கப் பிடிக்காமல் துடைக்கவில்லை, பார்க்க முடியாமல் துடைத்திருக்கிறார், துணியைப் போட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறவளை எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது. மூன்று வாரம் ஊர் கேட்க ஊர்ப் பேரைச் சொன்னேனே, கேட்காத மனிதருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்று சொல்லக்கூட முடியாமல் இந்த ஆள் தனியாகக் கிடந்து பயந்திருக்கிறார். நான் இங்கே பயந்துகொண்டிருந்தேன், அவர் அங்கே பயந்துகொண்டிருந்தார், நடுவில் ஒரு முழம் சேலை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, இரண்டையும் மறைக்கக் கை இல்லை. அவர் விடவில்லை. ஞாபகம் வந்தவராக ஒரு விரலை நீட்டி, முந்தாநேத்து வாசல்ல என்னமோ கேட்டயே, அதுவும் தெரியாமத்தான் ஆட்டிப்போட்டேன், என்ன கேட்ட என்றார்.

செல்வராணி முன்னால் நிற்கிறாள். உதடு பார்க்கத் தெரிந்தவள். பட்டறையில் ரகசியம் ஏது, அது என்றைக்கு இருந்தது. பாவாயி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துப் பிரித்துக் கேட்டாள். கோகிலா ஊட்டோடயே போயிரலாமுங்களா. செல்வராணியின் கையில் இருந்த இழைக்கொக்கி அச்சிலேயே நின்றது. அர்த்தநாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓடுகிற தறிகளைப் பார்த்தார், செல்வராணியைப் பார்த்தார், பாவாயியைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக. வேண்டாமென்று ஆட்டினார். பாவாயிக்கு அது போதவில்லை, இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல இருந்தது, அதனால் அதே கேள்வியை அதே மாதிரி மறுபடி கேட்டாள். அவர் முகம் சுளித்தது. எத்தனை தடவ சொல்றது, வேண்டாமின்னா வேண்டாம், அங்க போயி மாடிய மாடியப் பாத்துட்டு உக்கோருவியா, கோகிலா வந்தா நானே சொல்லிக்கறன், மொதல்ல அந்த இழையப் புடி, நழுவுது பாரு. உண்மையாகவே நழுவிக்கொண்டிருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு இழை மட்டும் நீளமாகத் தொங்கியது, கை ஒழியாததால் குனிந்து வாயில் கவ்வி, யோசிக்காமல் கடித்தாள். பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நூல் அறுந்திருந்தது. நுனியைச் செல்வராணி பக்கமாக நீட்டினாள். செல்வராணி அதை வாங்கி அச்சில் கோத்துக்கொண்டே, மெல்ல, குரல் இல்லாமல், பல்லு நல்லாத்தானுங்கக்கா இருக்குது என்றாள். பாவாயி வாசலைப் பார்த்தபடி இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. அர்த்தநாரி இன்னும் அங்கேயே நின்று உப்பைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார்.